ஐனார்ஸ் பகாட்ஸ்கிஸ்: கிளப்புகள் வெளியே அனுப்பிய கோச் தேசிய அணிகளில் எப்படி ஜெயித்தார்?

கேள்வியின் முக்கியப் பகுதி இதுதான்: "லாட்வியாவின் ஐனார்ஸ் பகாட்ஸ்கிஸ் ஒரு நல்ல கூடைப்பந்து கோச்சா? மக்காபி டெல் அவிவ், பாம்பெர்க் கிளப்புகள் இரண்டுமே அவரைச் சீசன் நடுவிலேயே அனுப்பிவிட்டன. ஆனால் லாட்வியாவையும் உக்ரைனையும் வைத்து நன்றாகச் செய்திருக்கிறார். எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். கிளப் கோச் வேலையும் தேசிய அணி கோச் வேலையும் ஒரே பெயரில் நடக்கும் வெவ்வேறு தொழில்கள். பகாட்ஸ்கிஸ் கிளப் வேலையிலும் சில இடங்களில் சாதித்திருக்கிறார், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அவருடைய உண்மையான பலம் இரண்டாவது தொழிலில் இருக்கிறது. ஐரோப்பாவில் அவர் தலைமுறையைச் சேர்ந்த தேசிய அணி கோச்சுகளில் அவருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அவர் வந்த இடத்தைப் பார்க்க வேண்டும். லாட்வியாவின் மக்கள்தொகை 19 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் ஐரோப்பியக் கூடைப்பந்தின் முதல் சாம்பியன் அந்த நாடுதான். 1935ல் ஜெனீவாவில் முதல் ஐரோப்பியப் போட்டி நடந்தபோது இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 24-18 என்று வென்றார்கள். கோச் வால்தெமார்ஸ் பௌமானிஸ். நான்கு வருடம் கழித்து, 1939ல், கௌனாஸ் நகரில் லிதுவேனியாவிடம் ஒரே ஒரு புள்ளியில், 37-36 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். அதன்பின் போர், சோவியத் ஆட்சி. நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. 1958, 1959, 1960 என்று ஐரோப்பிய சாம்பியன் கிளப் கோப்பையின் முதல் மூன்று வருடங்களும் லாட்வியத் தலைநகர் ரீகாவின் ஏஎஸ்கே அணிக்குத்தான் போயின. அப்போது கோச்சாக இருந்தவர் அலெக்சாண்டர் கோமெல்ஸ்கி. பெண்கள் பக்கம் டிடிடி ரீகா அணி ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை 18 முறை வென்றிருக்கிறது. அதை விவரிக்கத் தனிப் பதிலே எழுத வேண்டும்.

பகாட்ஸ்கிஸ் பிறந்தது 1967ல். அவர் வளர்ந்த காலத்தில் ரீகாவில் கூடைப்பந்து என்றால் வால்டிஸ் வால்ட்டர்ஸ். விஇஎஃப் ரீகா கிளப்பின் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்), 1981 ஐரோப்பியப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர், 1982ல் சோவியத் அணியோடு உலக சாம்பியன். 1986 மாட்ரிட் உலகப் போட்டியில் சோவியத் அணியும் யூகோஸ்லாவியாவும் மோதிய அரையிறுதியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) உலகப் போட்டிக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. யூகோஸ்லாவியா 9 புள்ளி முன்னிலையில் இருக்கிறது, ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட மீதி இல்லை. சோவியத் அணியின் சபோனிஸ் ஒரு மூன்று புள்ளி போட்டார். உடனே பந்தைப் பறித்து திகோனென்கோ இன்னொன்று போட்டார். யூகோஸ்லாவியா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியிருந்தால் போதும், ஆனால் இளம் டிவாட்ஸ் பந்தைத் தட்டுவதில் தவறு செய்ய, பந்து சோவியத் கைக்கு வந்தது. மூன்றாவது மூன்று புள்ளியைப் போட்டுச் சமன் செய்தவர் வால்ட்டர்ஸ். கூடுதல் நேரத்தில் சோவியத் அணி 91-90 என்று ஜெயித்தது. அப்போது பகாட்ஸ்கிஸுக்கு 19 வயது. தூரத்திலிருந்து எறியும் வீச்சு கடைசி நேர வித்தை மட்டும் இல்லை, ஆட்டத்தையே அதன்மேல் கட்டலாம் என்று நம்பிய தலைமுறை அவருடையது. பிற்காலத்தில் அவர் அணிகள் ஆடிய விதத்தில் இந்த நம்பிக்கையைப் பார்க்கலாம்.

ஆட்டக்காரராக அவர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசையில் ஆடுபவர். வெளியிலிருந்து நன்றாக எறியும் கை. 1991 ஆகஸ்டில் லாட்வியா மறுபடி சுதந்திர நாடானது. தேசிய அணி என்ற ஒன்றைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டிய நேரத்தில் பகாட்ஸ்கிஸ் இருபதுகளின் நடுவில் இருந்தார். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பாரம். ஊரில் லீக் சின்னது, சம்பளம் கம்மி, அதனால் வெளிநாட்டு கிளப்புகளைத் தேடிப் போக வேண்டும். கோடையில் திரும்பி வந்து நாட்டு ஜெர்சி போட்டு, "நாங்களும் இருக்கிறோம்" என்று காட்டவும் வேண்டும்.

அந்தத் தலைமுறையின் உச்சம் துருக்கியில் நடந்த 2001 யூரோபாஸ்கெட், அதாவது ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் போட்டி. அவருக்கு 34 வயது. எதிரே லிதுவேனியா, முந்தைய வருடம்தான் சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணி. பால்டிக் அண்டை நாடு, கூடைப்பந்தில் பெரியண்ணன். தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்தால் காலிறுதி என்ற ஆட்டம். லாட்வியா 94-76 என்று ஜெயித்தது. 18 புள்ளி வித்தியாசம்! பகாட்ஸ்கிஸும் ரோபெர்ட்ஸ் ஸ்டெல்மாஹெர்ஸும் அந்த அணியில் இருந்தார்கள். பிற்காலத்தில் இருவருமே லாட்விய தேசிய அணியின் கோச் ஆனார்கள் என்பதைக் கவனியுங்கள். காலிறுதியோடு அந்தப் பயணம் முடிந்தது, கடைசியில் எட்டாவது இடம். இருந்தாலும் ரீகாவில் அந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் பத்துப் பதினைந்து வருடம் கழித்து பகாட்ஸ்கிஸிடமே ஆட வந்தார்கள்.

இப்போது கோச் பக்கம். கேள்வி கேட்டவர் கிளப் கணக்கை எடுத்துக்கொண்டதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

உக்ரைனின் கீவ் நகரத்து புடிவெல்னிக் கிளப்பில்தான் ஐரோப்பா அவரைக் கவனிக்கத் தொடங்கியது. 2012-13ல் ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோகப்பில் அரையிறுதி வரை போனார்கள், அங்கே ஸ்பெயினின் பில்பாவோவிடம் தோல்வி. 2013-14ல் அந்த கிளப் முதல் நிலைப் போட்டியான யூரோலீகில் ஆடியது. அந்தக் குளிர்காலத்தில் கீவ் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மைதான் சதுக்கத்தில் போராட்டம், துப்பாக்கிச் சூடு, ஆட்சி கவிழ்ப்பு. அதன் நடுவே ஒரு கூடைப்பந்து அணியை வாராவாரம் ஆட்டத்துக்குத் தயார் செய்வது சாதாரண வேலை இல்லை. அந்த அணியில் ஜானிஸ் ஸ்டிரேல்னியெக்ஸ் என்ற லாட்விய கார்டும் இருந்தார். கிளப்பிலும் நாட்டு அணியிலும் ஒரே கோச்சிடம் ஆடியவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 2014-15ல் ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கோரத். யூரோலீகில் அந்த கிளப்புக்கு அது முதல் வருடம். பெரிய பட்ஜெட் இல்லை, பெரிய பெயர்கள் இல்லை. குழுச் சுற்றைத் தாண்டிக் கடைசி 16க்குள் நுழைந்தார்கள். டெய்லர் ரோச்செஸ்டி என்ற அமெரிக்க கார்டு அந்தச் சீசனில் யூரோலீகின் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான விருதை வாங்கினார். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பகாட்ஸ்கிஸின் அமைப்பில் பந்தைக் கையில் வைத்திருக்கும் கார்டுக்குச் சுதந்திரம் அதிகம். மற்ற நால்வரும் தூரத் தூர நிற்பதால் அவருக்கு உள்ளே நுழைய வழி கிடைக்கும்.

அதன்பின் 2016-17, மக்காபி டெல் அவிவ். சீசன் நடுவில் அழைத்தார்கள். அந்த ஒரே சீசனில் பலமுறை கோச்சை மாற்றிய கிளப் அது. இஸ்ரேல் கோப்பையை வென்று கொடுத்தும் சீசன் முடியுமுன் அவரை அனுப்பினார்கள். 2018ல் ஜெர்மனியின் பாம்பெர்க். இத்தாலியரான லூக்கா பாங்கி இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். 2019 ஜனவரியில் அங்கிருந்தும் விலக்கினார்கள்.

இந்த இரண்டையும் பார்த்து "இவர் தேறமாட்டார்" என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பெரிய கிளப் கோச்சுக்குக் கொடுப்பது பணமும் ஆட்டக்காரர்களும், எடுத்துக்கொள்வது நேரம். மக்காபி மாதிரி இடத்தில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் பத்திரிகை கழுத்தைப் பிடிக்கும். சீசன் நடுவில் வரும் கோச்சுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது, யாரோ கட்டிய வீட்டில் குடியேறுகிற மாதிரிதான். பகாட்ஸ்கிஸ் ஜெயித்த கிளப்புகள் இரண்டும் நடுத்தரமானவை, அவர் கேட்ட மாதிரி அணியைக் கட்ட விட்டவை. அவரை அனுப்பிய இரண்டும் பெயர் பெற்றவை, உடனடியாக முடிவு எதிர்பார்த்தவை. அவர்மேல் குறையே இல்லை என்று வாதாட மாட்டேன். ஐரோப்பாவின் மேல்தட்டு கிளப்புகளில் நிலைத்து நிற்பது ஒரு தனித் திறமை, அது அவரிடம் வெளிப்படவில்லை. முதலாளியோடும் ஏஜென்டோடும் வாரம் இரண்டு ஆட்ட அட்டவணையோடும் மல்லுக்கட்டுகிற திறமை அது.

சரி, தேசிய அணி. இதுதான் விஷயம்.

தேசிய அணி கோச்சால் யாரையும் விலைக்கு வாங்க முடியாது. பாஸ்போர்ட்தான் தேர்வுக் குழு. நல்ல சென்டர் (கூடைக்கடியில் ஆடும் உயரமான ஆள்) இல்லாத நாட்டில் நல்ல சென்டர் இல்லாமல்தான் ஆட வேண்டும். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு முறையில் வருடம் முழுக்க ஆடிவிட்டு, கால் வலியோடு, கான்ட்ராக்ட் கவலையோடு கோடையில் வந்து சேருவார்கள். சில வாரம் பயிற்சி, சில நட்பு ஆட்டங்கள், உடனே போட்டி. 2017 நவம்பரிலிருந்து தகுதிச் சுற்றுகளையும் சீசன் நடுவில் நடத்துகிறார்கள். அப்போது அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆடுபவர்கள் வர முடியாது, யூரோலீக் ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் வரமாட்டார்கள். இரண்டு மூன்று நாள் பயிற்சியில் ஓர் அணியைக் களமிறக்க வேண்டும். நாற்பது புதுத் தந்திரங்களைச் சொல்லிக்கொடுக்கிற கோச் இங்கே தோற்றுப்போவார். ஐந்தாறு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி, அதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வைக்கிறவர் பிழைப்பார். பகாட்ஸ்கிஸ் இரண்டாவது வகை.

அவர் காலத்து லாட்வியாவின் தாக்குதலை விவரிக்கிறேன், முடிந்தால் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கார்டு பந்தைக் கொண்டுவருவார். உயரமான ஆள் வந்து அவருக்காகத் தடுப்பு போடுவார், பிக் அண்ட் ரோல் என்பார்களே அது. வழக்கமாகத் தடுப்பு போட்டவர் கூடைப் பக்கம் ஓடுவார். இங்கே அவர் ஓடினாலும் ஓடுவார், பின்வாங்கி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றாலும் நிற்பார். மற்ற மூவரும் கோட்டுக்கு வெளியே மூலைகளில், பக்கவாட்டில் நிற்பார்கள். மூவருமே எறியத் தெரிந்தவர்கள். தடுக்கிற அணிக்கு இப்போது நல்ல வழி எதுவும் இல்லை. உதவிக்கு ஓர் ஆள் உள்ளே வந்தால் மூலையில் நிற்பவருக்குப் பந்து போகும். யாரும் உள்ளே வராவிட்டால் கார்டு நேராகக் கூடைக்குப் போவார். ஸ்டிரேல்னியெக்ஸ் மாதிரி அவசரப்படாத கார்டு இருந்தால் இது ஆட்டம் முழுக்க நடக்கும். இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. கையில் இருக்கும் ஆட்களுக்குப் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேறெதையும் தொடாமல் இருந்த தெளிவுதான் பெரியது. லாட்வியாவில் உயரமானவர்களுக்கும் சிறுவயதிலேயே எறியக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதை அடித்தளமாக வைத்தார்.

ஸ்லோவேனியாவில் நடந்த 2013 யூரோபாஸ்கெட்டில் அவருடைய லாட்வியா இரண்டாவது சுற்றுக்குப் போனது. 2015ல் கதை இன்னும் சுவாரசியமானது. அந்தப் போட்டி உக்ரைனில் நடக்க வேண்டியது. போர் வந்ததால் அங்கிருந்து எடுத்து நான்கு நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், ஒரு குழு ரீகாவுக்கு வந்தது. அந்தக் குழுவில் உக்ரைனும் இருந்தது, போட்டியை நடத்த வேண்டியவர்கள் ரீகாவில் விருந்தாளிகளாக ஆடினார்கள். லாட்வியா குழுவைத் தாண்டி பிரான்சின் லீல் நகருக்குப் போய், ஸ்லோவேனியாவை 73-66 என்று வென்று காலிறுதிக்கு வந்தது. அங்கே போட்டியை நடத்திய பிரான்ஸ் 84-70 என்று நிறுத்தியது. எட்டாவது இடம். அந்தக் கோடையில்தான் லாட்வியாவின் இளம் நட்சத்திரம் கிறிஸ்தாப்ஸ் போர்ஜிங்கிஸை நியூயார்க் நிக்ஸ் என்பிஏ டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) நான்காவதாக எடுத்திருந்தது, அதனால் அவர் இந்தப் போட்டியில் ஆடவில்லை. அவர் இல்லாமலே இவ்வளவு தூரம்.

2017ஐப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மக்காபி அவரை அனுப்பிய அதே வருடம். சில மாதங்கள் கழித்து இஸ்தான்புல்லில் லாட்வியாவோடு நிற்கிறார். இந்த முறை போர்ஜிங்கிஸ் இருக்கிறார், 7 அடிக்கு மேல் உயரம், தூரத்திலிருந்து எறியும் கை. தைரிஸ், தாவிஸ் என்ற பெர்தான்ஸ் சகோதரர்கள் இருக்கிறார்கள். ஸ்டிரேல்னியெக்ஸ், ஜானிஸ் திம்மா, அனுபவசாலியான ஜானிஸ் ப்ளூம்ஸ். குழுவில் செர்பியாவிடம் மட்டும் தோல்வி. ரஷ்யாவையும், சொந்த மண்ணில் ஆடிய துருக்கியையும் வென்றார்கள். அடுத்த சுற்றில் மான்டெனெக்ரோவுக்கு எதிராக 100-68. அந்த ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும், எதிரணி எந்தப் பக்கம் திரும்பினாலும் எறியத் தயாராக ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கிறார்.

காலிறுதியில் எதிரே ஸ்லோவேனியா. கோரன் டிராகிச்சும், 18 வயது லூக்கா டோன்சிச்சும். போர்ஜிங்கிஸ் 34 புள்ளி எடுத்தார். டோன்சிச் 27, டிராகிச் 26. ஸ்லோவேனியா 103-97 என்று ஜெயித்து, அப்படியே போய் ஓர் ஆட்டமும் தோற்காமல் சாம்பியன் ஆனது. அந்தப் போட்டியில் நான் பார்த்ததில் தரத்தில் மிக உயர்ந்த ஆட்டம் இதுதான், இறுதி ஆட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 40 நிமிடத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 200 புள்ளி! ஐரோப்பிய நாக் அவுட் ஆட்டத்தில் பயத்தில் கை நடுங்கி 70களில் முடிவதுதான் வழக்கம். லாட்வியா தன் ஆட்டத்தை மாற்றாமல் நின்று தோற்றது. "டிஃபென்ஸ் போதவில்லை" என்று குறை சொன்னார்கள். அதில் உண்மை உண்டு, எதிரணியின் 103 புள்ளியைத் தாண்டி ஜெயிப்பது கடினம். ஆனால் டிராகிச்சும் டோன்சிச்சும் அன்று இருந்த நிலையில் வேறெந்த அணியும் அவர்களைத் தடுக்கவில்லையே. லாட்வியாவுக்குக் கடைசியில் ஐந்தாவது இடம். சுதந்திரத்துக்குப் பின் யூரோபாஸ்கெட்டில் அதற்குமுன் அவர்கள் அவ்வளவு மேலே வந்ததில்லை.

அதோடு லாட்விய அணியில் அவர் காலம் முடிந்தது. பின்னால் ஸ்டெல்மாஹெர்ஸ் வந்தார், 2021ல் பாங்கி வந்தார், பாம்பெர்க் நாற்காலியில் பகாட்ஸ்கிஸுக்கு முன் இருந்த அதே பாங்கி. 2023 உலகக் கோப்பையில் லாட்வியா, போர்ஜிங்கிஸ் இல்லாமல், பிரான்சையும் ஸ்பெயினையும் வென்று ஐந்தாவது இடம் பிடித்ததே, அதற்காகப் பாங்கியை எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் நியாயமானது. ஆனால் அந்த அணியின் ஆட்டத்தைப் பாருங்கள். விரித்து நிற்பது, பொறுமையான கார்டு, எறியத் தெரிந்த உயரமானவர்கள். பாங்கி டிஃபென்ஸை இறுக்கினார், பந்தை இன்னும் வேகமாக நகர்த்த வைத்தார். அடித்தளம் ஏற்கெனவே போட்டிருந்தது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பாம்பெர்குக்குப் பிறகு உக்ரைன் தேசிய அணி. கீவில் வேலை பார்த்தவர், அங்குள்ள ஆட்டக்காரர்களையும் லீகையும் அறிந்தவர் என்பதால் இயல்பான தேர்வு. ஆனால் 2022 பிப்ரவரியில் முழுப் போர் தொடங்கியது. ஊரில் லீக் நின்றது. ஆட்டக்காரர்கள் ஐரோப்பா முழுக்கச் சிதறினார்கள். சொந்த மண்ணில் ஆட வழியில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் உள்ளூர் ஆட்டங்களை ரீகாவில் ஆடினார்கள். ஏழு வருடம் முன் லாட்விய கோச்சாக நின்ற ஊரில், இப்போது உக்ரைன் கோச்சாக, உக்ரைனின் "சொந்த" ஆட்டத்துக்கு நின்றார் பகாட்ஸ்கிஸ்.

அந்த செப்டம்பரில் மிலானில் யூரோபாஸ்கெட். ஸ்வியாதோஸ்லாவ் மிகைல்யுக், அலெக்ஸ் லென் என்று என்பிஏ ஆட்டக்காரர்கள் இருவர் வந்தார்கள். மற்றவர்கள் பெரிய பெயர்கள் இல்லை. முதல் ஆட்டத்தில் பிரிட்டனை 90-61 என்று வென்றார்கள். அடுத்து எஸ்தோனியாவை ஒரே புள்ளியில், 74-73. பிறகு இத்தாலியை இத்தாலியின் மண்ணிலேயே 84-73. மூன்றுக்கு மூன்று! குரோஷியா 90-85 என்று நிறுத்தியது. கடைசிக் குழு ஆட்டத்தில் யானிஸ் அன்டெடோகூன்போ 41 புள்ளி போட, கிரீஸ் 99-79. அடுத்த சுற்றில் பெர்லினில் போலந்திடம் 94-86 என்று தோற்று வெளியேறினார்கள். பதினாறு அணிகளில் ஒன்றாக முடிந்த பயணத்தை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்கலாம். வீட்டில் குண்டு விழுகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டே தூங்கும் ஆட்களை வைத்து, போட்டியை நடத்தும் நாட்டை அதன் அரங்கிலேயே வெல்வதுதான் தேசிய அணி கோச் வேலையின் உச்சம். பதக்க வரிசையில் அது தெரியாது.

இத்தாலியோடு ஆடிய அந்த ஆட்டத்தில் உக்ரைன் ஆடிய முறை 2017 லாட்வியாவின் முறையே கிடையாது. எறியும் கைகள் அவ்வளவு இல்லை, அதனால் லென்னின் உயரத்தைக் கூடைக்கடியில் பயன்படுத்தினார், மிகைல்யுக்குக்குத் தடுப்பு மேல் தடுப்பு போட்டு எறிய இடம் உண்டாக்கினார், வேகத்தைக் குறைத்தார். கேள்விக்கான என் பதிலின் மையம் இங்கே இருக்கிறது. ஒரே பாணியை எல்லா இடத்துக்கும் சுமந்து செல்லும் கோச் இல்லை அவர். கையில் என்ன கிடைத்ததோ அதைக் கொண்டு சீக்கிரம் ஓர் ஆட்டத்தைக் கட்டுகிறவர். கிளப் உலகம் அந்தத் திறமைக்குப் பெரிய விலை கொடுப்பதில்லை, ஏனென்றால் அங்கே பிடிக்காத ஆளை மாற்றிவிடலாம்.

ஒரு ஒப்பீட்டுக்காக இன்னொரு லாட்விய கோச்சையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோச் என்பவர் எவ்வளவு முன்கூட்டியே தன் வேலையை முடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக 3க்கு 3 கூடைப்பந்து வந்தது. அரை மைதானம், ஒரே கூடை, 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, பந்தை எறிய 12 விநாடி. அப்போதைய விதிப்படி ஆட்டத்தின்போது கோச் களத்தருகே இருக்கக் கூடாது, பார்வையாளர் பகுதியிலிருந்து குரல் கொடுக்கவும் கூடாது. நால்வர் அணி தானே ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும், தானே டைம் அவுட் கேட்க வேண்டும். இறுதி ஆட்டத்தில் லாட்வியா, ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணியை 21-18 என்று வென்றது. கடைசி எறிதலைப் போட்டவர் கார்லிஸ் லாஸ்மானிஸ். கோச் ரைமொண்ட்ஸ் ஃபெல்ட்மானிஸ், அவரும் முன்னாள் ஆட்டக்காரர்தான், பேச அனுமதியில்லாத இடத்தில் உட்கார்ந்து தங்கத்தைப் பார்த்தார். பகாட்ஸ்கிஸுக்கு டைம் அவுட் உண்டு, பெஞ்ச் உண்டு. ஆனால் சில நாள் பயிற்சியில் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி இருவருக்கும் பொதுவானது.

கேள்வியில் இன்னொரு சின்னப் பகுதியும் இருந்தது: ஆட்டக்காரராக அவர் வால்ட்டர்ஸ் அளவுக்குப் பெரியவரா என்று. இல்லை. வால்ட்டர்ஸ் உலக சாம்பியன், தன் காலத்து ஐரோப்பாவின் முதல் வரிசை கார்டு. பகாட்ஸ்கிஸ் நல்ல ஷூட்டர், நம்பகமான தேசிய அணி ஆட்டக்காரர், அவ்வளவே. நட்சத்திரமாக இல்லாதவர்கள் நல்ல கோச் ஆவது கூடைப்பந்தில் அடிக்கடி நடக்கிறது. பந்து தன்னிடம் வராத நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்கள் ஆட்டக்காலம் முழுக்க யோசித்திருப்பார்கள்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால் மூன்று ஆட்டங்களைத் தேடுங்கள். 2017 லாட்வியா-ஸ்லோவேனியா காலிறுதியை முழுதாகப் பாருங்கள், போர்ஜிங்கிஸை விட்டுவிட்டு மூலைகளில் நிற்பவர்களைக் கவனியுங்கள். 2022 உக்ரைன்-இத்தாலியில் பகாட்ஸ்கிஸ் கேட்கும் டைம் அவுட்டுகளுக்குப் பின் வரும் முதல் தாக்குதலை மட்டும் பார்த்தாலும் போதும். 2014-15 நிஷ்னி நோவ்கோரத்தின் யூரோலீக் ஆட்டங்களில் எது கிடைத்தாலும் சரி, ரோச்செஸ்டிக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பாருங்கள். பிறகு மக்காபி, பாம்பெர்க் கதைகளை வைத்து அவரை எடைபோடுவது சரியா என்று சொல்லுங்கள்.